சாமைப்போர் மூச்சு விட்ட தை

போன வாரம் ரேஷன் கடை வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றோமே, அப்போது நீங்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னீர்கள், தை மாசத்தில் இப்படி ஒரு மழையை நம் ஆயுசில் பார்த்ததே இல்லை என்று. நான் வாயைத் திறக்கவில்லை. கூட்டத்தில் பேச எனக்கு வராது. வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன். பார்த்திருக்கிறோம். ஒரு வருஷம் பார்த்திருக்கிறோம். உங்களில் பாதிப் பேர் அன்று எங்கள் களத்தில் நின்றவர்கள். மறந்துவிட்டீர்கள்.

இந்த வருஷம் நடப்பது வேறு. மார்கழி முழுக்கக் கம்பளியை மடித்த மடிப்பு கலையவில்லை. தையில் மழை. பறித்த மிளகு காயாமல் பூஞ்சணம் பிடிக்கிறது. காப்பி காலம் தெரியாமல் பூத்து நிற்கிறது. விவசாய ஆபீசிலிருந்து வந்த தம்பி, பருவநிலை மாறிவிட்டது, உலகம் முழுக்க இப்படித்தான் என்றார். கீழ்நாட்டுப் பிள்ளை. மலை குளிரும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கொண்டுவந்த ஸ்வெட்டரை இடுப்பில் கட்டிக்கொண்டு வேர்க்க வேர்க்க நடக்கிறார்.

இப்போது வருஷத்துக்கு ஒன்று நடக்கிறது, பயமாக இருக்கிறது. அன்று நடந்தது ஒரே ஒரு வருஷம். அதனால் யாருக்கும் பயம் வரவில்லை. குஷிதான் வந்தது.

எனக்குப் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடுகிற வயசு. நம் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு; பெரக்கரை நாட்டில் எங்கள் ஊர் கடைசி ஊர். ஊருக்கு மேலே களம். களத்தை ஒட்டி அகலமான பாறை. களத்துக்குக் கீழே ஒரு சின்னக் குடிசை. மாசத்தில் வீட்டுக்குத் தூரமாகிற பெண்கள் அந்த நாட்களில் அங்கேதான் இருப்பார்கள். சாப்பாட்டை ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு வர வேண்டும். தொடக் கூடாது.

மார்கழியில் நமக்கு வர வேண்டியது மூடுபனி. எதிரில் வருகிற மாடு தெரியாது, மணிச்சத்தம்தான் வரும். வெயில் ஏறினால் பனி விலகும், சாமைத்தாள் சலசலவென்று காய்ந்துவிடும். அந்த வருஷம் பனி வரவில்லை. தூறல் வந்தது. தூறல் நின்றால் மழை. மழை நின்றால் தூறல். சாமை முற்றித் தலை சாய்ந்து நிற்கிறது. விட்டால் கொட்டிப்போகும்.

கொங்காடை போட்டுக்கொண்டு அறுத்தார்கள். கோணியை மூலைக்குள் மூலை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொள்வோமே, அதுதான். நனைந்தால் ஒரு வாடை அடிக்கும். ஈர நாயும் பழைய தானியமும் கலந்த மாதிரி. எனக்கு அது பிடிக்கும். இப்போது எல்லோருக்கும் பிளாஸ்டிக் கோட்டு. அதில் ஒரு வாடையும் இல்லை.

அறுத்த கட்டுகளை ஈரத்தோடு சுமந்து போர் போட்டார்கள். எங்களுடையதுதான் ஊரிலேயே பெரிய போர். எங்கள் வீட்டுக்கு வருஷம் முழுக்கச் சோறு அதுதான். அடுத்த வருஷத்து விதையும் அதற்குள்தான். வேறு கையிருப்பு இல்லை. அப்போது ரேஷன் கடை ஏது.

வழக்கம் உங்களுக்குத் தெரியும். பேரப்பிள்ளைகள் படித்தால் புரியட்டும் என்று எழுதுகிறேன். போரைத் தாளால் வேய்ந்து மூடினால் மூடினதுதான். தையில் எருதாட்டம் முடிந்த மறுநாள் ஊர்க்கவுண்டர் களத்துக்கு வந்து தேங்காய் உடைத்து, சோற்றுக்கையால் முதல் கட்டை உருவுவார். அதுவரை யாரும் கை வைக்கக் கூடாது. வைத்தால் பொலி போய்விடும். அளக்க அளக்கத் தானியம் குறையாமல் இருக்கிறதே, அந்த வரத்துக்குப் பேர்தான் பொலி.

ஒரு நாள் விடிகாலை சாணி அள்ளப் போனேன். எங்கள் போரின் உச்சியிலிருந்து வெள்ளையாக ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. குளிரில் நம் வாயிலிருந்து வருமே, அதே மாதிரி. கூடையைப் போட்டுவிட்டு ஓடினேன். அப்பன் வந்து பார்த்தார். போய் ஊர்க்கவுண்டரைக் கூட்டிவந்தார். கவுண்டர் போரை ஒரு சுற்றுச் சுற்றினார். மூக்கை உறிஞ்சினார். தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்தார்.

“மூச்சு வுடுதப்பா,” என்றார். “பொலி உள்ள வந்து குந்தியிருக்குது.”

அதற்கப்புறம் எங்கள் களத்துக்குக் கூட்டம் வருவது நிற்கவில்லை. விடிந்ததும் மஞ்சளும் பூவுமாகப் பெண்கள் வந்தார்கள். எதிர்மலை ஊர்களிலிருந்து கொங்காடையோடு இறங்கி ஏறி வந்தார்கள். மழை கொட்டக் கொட்ட ஆவி கூடியது. கூடக் கூட ஜனம் கூடியது. அப்பன் எப்போதும் பந்தியில் கடைசி ஆள். அந்த மாசம் எந்த வீட்டு வாசலில் நின்றாலும் வெற்றிலைத் தட்டு வந்தது. நடையே மாறிவிட்டது. மெதுவாக, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். பக்கத்துக் காட்டு மாமனுக்கு அது பொறுக்கவில்லை. எல்லோர் முன்னாலும் கேட்டார்.

“ஏ மச்சான், உம் போரு மூச்சு வுடுது. எம் போரு கொறட்டகூட வுடமாட்டேங்குதே.”

களமே சிரித்தது. அப்பனும் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மாமனுடைய போர் சின்னது. மழை விட்ட ஒரு இடைவெளியில் காய்ந்த கட்டாகப் போட்டது. எங்களுடையது பெரிசு, அடிவரை ஈரம். வித்தியாசம் அவ்வளவுதான். இன்று எனக்குத் தெரிகிறது. அன்று சாமி எங்களைப் பார்த்துக் கையைக் காட்டிவிட்டது என்றுதான் பெரியவர்கள் நினைத்தார்கள். நானும் நினைத்தேன்.

பிள்ளைகளான நம் சங்கதி வேறு. ஈரக்குளிர் எலும்பில் இறங்குகிற மாசம். வீட்டில் இருந்ததோ ஒரே ஒரு தணல்சட்டி. நாம் போருக்கு முதுகைக் கொடுத்து வரிசையாக உட்காருவோம். சுகமான சூடு. பெரியவர்கள் இல்லாத நேரம் பார்த்து, களத்து மேட்டுப் பக்கம் ஒரு பொந்து போட்டோம். முழங்கை வரை கையை விட்டால் முதலில் வெதுவெதுப்பு. தோள் வரை விட்டால் சுடும். யார் அதிக நேரம் வைத்திருப்பது என்று பந்தயம். உங்களில் ஒருத்தர் கை சிவந்து அழுதீர்கள். பேர் சொல்ல மாட்டேன்.

அண்ணி அந்த வருஷம்தான் எங்கள் வீட்டுக்கு வந்தவள். குண்டனி நாட்டுப் பெண். சிரித்தால் வாயைப் பொத்திக்கொள்வாள். மற்றபடி எதற்கும் வாயைப் பொத்த மாட்டாள். எல்லோரும் போரைக் கும்பிட்டார்கள். அவள் மோந்து பார்த்தாள். அம்மாவிடம் போய்ச் சொன்னாள்.

“அத்த, இது மூச்சு இல்லீங்க. உள்ள வேகுதுங்க. பிரிச்சுக் காயப் போட்டாத்தான் ஆவும்.”

அவள் ஊரில் ஈரத்தோடு குவித்த மாட்டுத்தீனி இப்படித்தான் புகைந்து கரியாகிப் போனதாம். அம்மா அதைக் கேட்கவே இல்லை. உங்கள் நாட்டில் எந்தப் போராவது மூச்சு விட்டிருக்கிறதா, அந்தப் பொறாமையைப் புருஷன் வீட்டுக்கு மூட்டை கட்டிக்கொண்டு வந்தாயா என்று பிடித்துக்கொண்டாள். இனி ஒரு வார்த்தை பேசினால் பிறந்த வீட்டுக்கு நடக்க வேண்டியதுதான் என்றாள். அண்ணனும் ராத்திரிச் சோற்றின்போது மெதுவாகச் சொன்னான், ஊரே கும்பிடுகிறது, நீ சும்மா இரு என்று. அண்ணி சும்மா இருந்தாள். அப்புறமும் தினம் போய் மோந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

எருதாட்டத்துக்குச் சற்று முன்னால் அவள் வீட்டுக்குத் தூரமானாள். குடிசைக்குப் போனாள். அவள் கண் போரில் பட்டுவிடும் என்று பயந்துகொண்டிருந்த அம்மாவுக்கு நிம்மதி. ஆனால் குடிசையிலிருந்து பார்த்தால் நேர் எதிரே எங்கள் போர். பகலெல்லாம் அவளுக்கு அதைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

சாப்பாடு கொண்டுபோவது நான். நனைந்துகொண்டே போவதற்குள் களி ஜில்லென்று ஆகிவிடும். அவள் அதைப் பிட்டுத் தின்பதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. எருதாட்டத்துக்கு முந்தின சாயங்காலம், அடை வைக்க எடுத்துவைத்த முட்டையில் ஒன்றை எடுத்துப் பொந்துக்குள் ஆழமாகச் செருகினேன். காலையில் அண்ணிக்குச் சூடாக ஒன்று கொடுக்கலாம் என்று. வேகும் என்று நினைக்கவில்லை. சூடாகும், அவ்வளவுதான்.

எருதாட்டத்தன்று மழை நின்றது. பளீரென்று வெயில். மலையே கழுவிவிட்ட மாதிரி இருந்தது. அண்ணன் முள்ளுக்குறிச்சிச் சந்தையில் வாங்கிவந்த புதுக் கயிற்றை எருதுக்குப் பூட்டினான். கொம்புக்குச் சிவப்பு. கழுத்து நிறைய மணி. ஊர் மொத்தமும் கோயில் மைதானத்துக்கு இறங்கியது. சோறு வைத்துவிட்டு ஓடிவந்து சேர்ந்துகொள்கிறேன் என்று நான் பின்தங்கினேன்.

பொந்துக்குள் கையை விட்டு முட்டையை எடுத்தபோது விரல் பொறுக்கவில்லை. பாவாடையில் போட்டுக் கொண்டுபோய்க் களியோடு கல்லின் மேல் வைத்தேன். அண்ணி எடுத்தாள். சூடு தாங்காமல் கைக்குக் கை மாற்றிச் சிரித்தாள். தட்டி உடைத்தாள். வழியவில்லை. வெள்ளைக்கரு பாலாடை மாதிரி கெட்டியாக நின்றது.

“இத எங்க கண்ணு வேக வெச்சே?”

“போருக்குள்ளங்க அண்ணி.”

அவள் முட்டையைப் பார்த்தாள். போரைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஆவி அன்று வெள்ளையாக இல்லை. அழுக்கு நிறம். தீய்ந்த வாடை.

“முட்டையே வெந்துபோச்சு,” என்றாள். “அப்பறம் சாமை?”

முட்டையைக் கல்லிலேயே வைத்துவிட்டு எழுந்தாள். களத்து ஓரம்வரை விடுவிடுவென்று வந்தாள். சாணி மெழுகின எல்லையில் கால் நின்றுவிட்டது.

“நான் தொட்டாத் தீட்டும்பாங்க. நீ உருவு சாமி.”

பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டேன். பயமா என்றால் பயம் இல்லை. ஊர்க்கவுண்டர் உருவுகிற கட்டு. அதை நான் உருவப்போகிறேன். இரண்டு கையாலும் பிடித்தேன். வரவில்லை. போரில் ஒரு காலை ஊன்றி இழுத்தேன். கட்டோடு மல்லாக்க விழுந்தேன். உருவின ஓட்டையிலிருந்து சோற்றுப்பானையைத் திறந்த மாதிரி ஆவி குப்பென்று அடித்தது.

அண்ணி எல்லையைத் தாண்டி வந்துவிட்டாள்.

அவள் மேலே ஏறிக் கட்டுகளை உருவி வீசினாள். நான் இழுத்துப்போய்ப் பாறையில் பரப்பினேன். மேல்கட்டுகள் ஈரம்தான், கெடவில்லை. உள்ளே போகப் போகத் தாள் பழுப்பாகி, கதிரோடு கதிர் ஒட்டி, வெள்ளை வெள்ளையாக முளை விட்டிருந்தது. நடுவில் கரிந்த கறுப்பு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் தீயே பிடித்திருக்கும். கை கொப்புளித்தது. கீழே மைதானத்தில் மேளம் அடித்தது. அந்த அடிக்குத் தக்கபடி அண்ணி வீசினாள், அந்த அடிக்குத் தக்கபடி நான் ஓடினேன். ஒரு கட்டு என் தலையிலேயே விழுந்தது. இருவரும் சிரித்தோம். அவள் வாயைப் பொத்தவில்லை. பொத்தக் கை ஒழியவில்லை.

வெயில் சாய்ந்தபோது மணிச்சத்தம் கேட்டது. ஆட்டம் முடிந்த எருதுகளைப் போரைச் சுற்றவைத்துக் கூட்டிப்போக வேண்டும் என்று ஊர் மொத்தமும் நேராகக் களத்துக்கு வந்திருந்தது. முன்னால் கவுண்டர், மறுநாள் பூசைக்குத் தேங்காயோடு. பின்னால் அப்பன், தலைப்பாகையோடு. அண்ணி குதித்து ஓடிக் குடிசை வாசலில் போய் நின்றாள். ஆனால் முழங்கை வரை உமியும் கரியும். எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

போர் பாதிதான் இருந்தது. எருதுகளின் மணி மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆடியது. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அப்பன் கையில் எருது ஓட்டின கோல் இருந்தது. குடிசையைப் பார்த்து ஒரு அடி வைத்தார். அண்ணன் கயிற்றை விட்டுவிட்டு அவருக்கும் குடிசைக்கும் நடுவில் வந்து நின்றான். நகரவில்லை. கயிறு விட்ட எருது தன்பாட்டுக்குப் போய்ப் பாறையில் பரப்பின சாமையைத் தின்ன ஆரம்பித்தது. விரட்டக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

கவுண்டர் மட்டும் போரிடம் போனார். மிச்சமிருந்த பாதிக்குள் கையை விட்டார். விட்ட வேகத்தில் வெளியே இழுத்து உதறினார். தானே ஒரு கட்டை உருவி விரித்தார். முளையைப் பார்த்தார். ஒரு கதிரைக் கசக்கினார். கூழாக வந்தது. உள்ளங்கையை வேட்டியில் துடைத்தார்.

“மொதக் கட்டு ஆரு உருவுனது?”

“நானுங்க,” என்றேன்.

“சோத்துக்கையிலயா?”

“ரெண்டு கையிலயுமுங்க. ஒரு கைக்கு வரலீங்க.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கவுண்டர் மறுபடி போரைப் பார்த்தார். அப்பனிடம் திரும்பி, மெதுவாக, ஏமாந்துபோய்விட்டோம் என்றார். நாம் என்றார், நீ என்று சொல்லவில்லை. தேங்காயைக் களத்துக் கல்லிலேயே உடைத்தார்.

உடைத்து முடிக்கவில்லை, சடசடவென்று மழை.

பாறை முழுக்கச் சாமை. நனைந்தால் எல்லாம் போச்சு. மாமன்தான் முதலில் ஓடினார். கொறட்டைக்கார மாமன்தான். கட்டுகளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு தன் வீட்டுக்கு ஓடினார். அதைப் பார்த்து ஊரே பாய்ந்தது. சிவப்புக் கொம்பு எருதுகளின் முதுகில் கட்டுகள். மேளக்காரர் மேளத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு இரண்டு கட்டுத் தூக்கினார். கவுண்டர் கொங்காடை இல்லாமல் நனைந்துகொண்டே ஓடினார். நீங்களும் ஓடினீர்கள், இப்போதாவது நினைவு வருகிறதா? சேற்றில் விழுந்து எழுந்து, மழைக்கு மேல் சத்தம் போட்டுக்கொண்டு ஓடினோம். எந்த எருதாட்டத்திலும் அவ்வளவு ஆட்டம் நான் பார்த்ததில்லை. எந்த வீடு பக்கத்தில் இருந்ததோ அந்த வீட்டுக்குள் கட்டு போனது. அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றினார்கள். அன்று ராத்திரி ஊரில் எல்லா அடுப்பும் விடிய விடிய எரிந்தது. சாமை காய்கிற வாசம் கூரை வழியே தெருவில் இறங்கியது.

காலையில் பேச்சு கிளம்பியது. கிளப்பியது கோயில் பூசாரியின் சம்சாரம். தூரமாக இருந்தவள் தொட்ட தானியம், தீட்டு, அவளை விலக்கி வைக்காவிட்டால் ஊருக்கு ஆகாது என்றாள். இரண்டு மூன்று தலைகள் ஆடின. கவுண்டர் ராத்திரி அடுப்புப் பார்த்த கண்ணோடு, கரித்தூள் முகத்தோடு வந்தார்.

“எல்லாரு ஊட்டு அடுப்பு மேலயும் அதுதான் கெடக்குது. உன்னூட்டுலயும் கெடக்குது. இதுல ஆரை வெலக்கறது? போயிச் சோறு ஆக்குங்க.”

அவ்வளவுதான் பஞ்சாயத்து. அப்புறம் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. எடுத்தால் முதலில் தன் அடுப்பைக் கழுவ வேண்டும்.

மழை விட்டது. பரணில் காய்ந்த கட்டுகளைக் களத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்து, மிச்சப் போரையும் ஊரே சேர்ந்து பிரித்துப்போட்டது. நடுவில் இருந்தது பாழ். மாட்டுக்குக்கூட ஆகாது. மற்றதில் சோற்றுக்குத் தேறும், கையை இறுக்கினால் வருஷத்தைத் தள்ளலாம். விதைதான் சந்தேகம். சூடு பட்ட சாமை பார்க்க நன்றாகத்தான் இருக்கும், மண்ணில் போட்டால் எழாது. அது பயிரிடுகிற எல்லோருக்கும் தெரியும். எந்தக் கட்டு எந்த அடுக்கில் இருந்தது என்பது அப்பனுக்குத் தெரியாது. மேலே ஏறி உருவி வீசினவளைத் தவிர வீட்டில் யாருக்கும் தெரியாது.

அப்பன் கொஞ்ச நேரம் களத்தில் அங்கும் இங்கும் நடந்தார். கையைப் பின்னால் கட்டவில்லை. பிறகு குடிசைப் பக்கம் போனார். ஆண்கள் அந்தப் பக்கம் போவது வழக்கம் இல்லை. சோறு வைக்கிற கல்லுக்கு அருகில் நின்று, எங்கேயோ பார்த்துக்கொண்டு கேட்டார்.

“ஏம்மா, வெதைக்கு எத எடுத்து வெக்கலாம்?”

அண்ணி வெளியே வந்தாள். கொப்புளக் கையில் துணி சுற்றியிருந்தாள். களத்தில் கிடந்த கட்டுகளை ஒரு பார்வை பார்த்தாள்.

“சொன்னாத் தெரியாதுங்க மாமா. வாங்க, காட்டறேன்,” என்று முன்னால் நடந்தாள். சாணி மெழுகின எல்லையில் அவள் நிற்கவில்லை. அப்பன் ஒதுங்கி வழிவிட்டார்.